மரணம் ஈவா, சத்துருவா?

தியானப் பகுதி: 1 கொரிந்தியர் 15:20-26



நம் சபையின் வாலிபர்களில் பலர் ஜே. ஆர். ஆர். டோல்கீனின் கற்பனை உலகத்தைத் திரைப்படங்களின் வழியாக அறிந்திருக்கிறார்கள். மந்திரவாதிகள் வருகிற கதை விசுவாசிகளுக்கு ஆகுமா என்று பெற்றோர் சிலர் கவலைப்படுகிறார்கள். அந்தக் கதைகளின் அடியில் ஓடுகிற கேள்வியோ, கல்லறைத் தோட்டத்தில் நாம் ஒவ்வொருவரும் கேட்கிற கேள்விதான்: மரித்தவரின் ஆத்துமா எங்கே போகிறது? மரணத்தைக் குறித்து அக்கதைகள் சொல்வதில் நாம் ஏற்கத்தக்கதும் உண்டு, மறுக்கவேண்டியதும் உண்டு என்பது என் கருத்து.

டோல்கீன் அந்தக் கேள்வியைப் பொழுதுபோக்காகக் கேட்டவரல்லர். 1892-இல் பிறந்த அவர், நான்கு வயதில் தகப்பனையும் பன்னிரண்டு வயதில் தாயையும் இழந்தார். 1916-இல் சோம் போர்முனையில் நின்றார். அதே வருடத்தில் பள்ளிக்கால உற்ற நண்பர் இருவரைப் போர் கொண்டுபோயிற்று. கத்தோலிக்க விசுவாசத்தில் இறுதிவரை நிலைத்திருந்தார்.

அவர் படைத்த உலகில் எல்ஃபுகள் மூப்பினால் சாவதில்லை. கொல்லப்பட்டால் அவர்களுடைய ஆவி மாண்டோஸின் மண்டபங்களில் காத்திருந்து, மீண்டும் சரீரம் பெறக்கூடும். ஆயினும் உலகம் உள்ளமட்டும் அவர்கள் அதைவிட்டு நீங்க முடியாது. யுகங்கள் செல்லச் செல்ல வாழ்வே அவர்களுக்குச் சுமையாகிறது. மனிதரோ மரித்து, உலகத்தின் எல்லைகளைக் கடந்து போகிறார்கள். எங்கே என்பது எல்ஃபுகளுக்குத் தெரியாது. சிருஷ்டிகராகிய இலூவதார் மனிதருக்கு அளித்த ஈவு என்றே அங்கே மரணம் அழைக்கப்படுகிறது. தீயவனாகிய மெல்கோர் அதன்மேல் தன் நிழலை விழப்பண்ணியதால் மனிதர் அதற்கு அஞ்சுகிறார்கள்.

அந்த அச்சம் என்ன செய்யும் என்பதை நூமெனோர் தீவின் வரலாறு காட்டுகிறது. அத்தீவாருக்கு நீண்ட ஆயுள் அருளப்பட்டிருந்தது. அவர்களோ சாகாமையை இச்சித்தார்கள். உடல்கள் அழியாதபடி பதப்படுத்தக் கற்றார்கள். மாபெரும் கல்லறைகளை எழுப்பினார்கள். அச்சம் பெருகப் பெருக ஆயுள் குறுகிற்று. கடைசியில் அர்-ஃபராசோன் என்னும் அரசன், சாவில்லாத தேசத்தைக் கைப்பற்றினால் சாவு நீங்கும் என்ற வஞ்சக ஆலோசனையை நம்பிக் கப்பற்படையோடு புறப்பட்டான். தீவு முழுவதும் கடலில் மூழ்கிற்று.

மரணபயம் மனிதரை வாழ்நாளெல்லாம் அடிமைகளாக வைத்திருக்கிறது என்று எபிரெயர் நிருபமும் எச்சரிக்கிறது (2:15). நம் வீடுகளிலும் அந்த அடிமைத்தனம் உண்டு. மருத்துவர் உண்மையைச் சொன்ன பின்பும் நோயாளியிடம் அதை மறைக்கிறோம். விடைபெற விரும்புகிற முதியவர் வாய் திறந்தால், "அப்படியெல்லாம் பேசாதீர்கள்" என்று தடுத்துவிடுகிறோம். பிள்ளைகளிடம் சொல்லவேண்டியதைச் சொல்லாமலே அவர் கண்மூடுகிறார். சுகத்திற்காக ஜெபிப்பது நம் கடமை. மரணத்தைப் பற்றிப் பேசவே மறுப்பதை விசுவாசம் என்று அழைக்கலாகாது.

ஆனால் மரணம் ஈவு என்னும் சொல்லை நாம் அப்படியே ஏற்க முடியாது. பாவத்தின் வழியாய் மரணம் உலகத்தில் பிரவேசித்தது என்று ரோமர் 5-ஆம் அதிகாரம் போதிக்கிறது. அது பரிகரிக்கப்படவேண்டிய கடைசிச் சத்துரு என்கிறார் பவுல். கிறிஸ்துவோடு இருப்பதே ஆதாயம் என்று அவர் ஏங்கியது உண்மை. சாவை நல்லது என்று அவர் புகழவில்லை. சில நிமிடங்களில் லாசருவை எழுப்பப்போகிற ஆண்டவரே அவனுடைய கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார். அப்படியிருக்க, கணவனை இழந்த சகோதரியிடம், "தேவசித்தம், அழாதே" என்று சொல்ல நமக்கு யார் அதிகாரம் கொடுத்தார்? சத்துருவின் கையால் காயப்பட்டவர் அழத்தான் செய்வார்.

டோல்கீனும் இந்த நெருக்கத்தை உணர்ந்திருந்தார். அவர் மறைவுக்குப் பின் 1993-இல் வெளியான ஓர் உரையாடலில், ஆந்த்ரெத் என்னும் ஞானமுள்ள பெண், மனிதர் சாவதற்காகப் படைக்கப்படவில்லை என்று எல்ஃபு அரசன் ஃபின்ரோதிடம் வாதாடுகிறாள். படைத்தவர் தாமே தம் படைப்புக்குள் வந்து அதைக் குணமாக்குவார் என்ற பழைய நம்பிக்கை தன் ஜனத்தாரில் சிலருக்கு உண்டு என்றும் சொல்லுகிறாள். அவளாலோ அதை நம்பக்கூடவில்லை.

அன்பானவர்களே, அவளுக்கு எட்டாத நம்பிக்கை நமக்கு நிறைவேறிய செய்தியாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. படைத்தவர் பெத்லகேமில் பிறந்தார், கல்லறைக்குள் சென்றார், மூன்றாம் நாளில் சரீரத்தோடு எழுந்தார். ஆகையால் நம்மவரின் ஆத்துமா எங்கோ அறியாத இருளில் அலைவதில்லை. அது கிறிஸ்துவோடிருந்து, உயிர்த்தெழுதலின் நாளுக்காகக் காத்திருக்கிறது.

இந்த வாரத்தில் நோயுற்ற முதியவர் ஒருவரின் அருகில் அமருங்கள். அவர் மரணத்தைப் பற்றிப் பேசினால் தடுக்காமல் கேளுங்கள். துக்கவீட்டுக்குச் சென்றால், அழுகிறவர்களோடு முதலில் அழுங்கள். நம்பிக்கையின் வார்த்தை அதற்குப் பின் வரட்டும்.

மரணத்தை ஜெயித்த ஆண்டவரே, எங்களை மரணபயத்திலிருந்து விடுவியும். துக்கப்படுகிறவர்களோடு உண்மையாய் நிற்க எங்களுக்குக் கிருபை தாரும். ஆமென்.