உறுப்பைத் தருபவர் வரிசையில் எங்கே நிற்கிறார்?

சிறுநீரகத்துக்குச் சாதி கிடையாது. மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்பைப் பகிரும் பட்டியலிலும் சாதிக்கு இடமில்லை. ஆனால் பணத்துக்கு?

தமிழ்நாட்டில் 2008-இல் இத்திட்டம் தொடங்கியது. விபத்தில் மகனைப் பறிகொடுத்த எத்தனையோ ஏழைக் குடும்பங்கள் அந்தத் துயரத்திலும் உறுப்புகளைத் தந்திருக்கின்றன. மாநில நோயாளிக்கே முதலிடம், வெளிநாட்டவருக்குக் கடைசி இடம் என்பது விதி. அப்படியிருந்தும், சென்னைத் தனியார் மருத்துவமனைகளில் இதயங்கள் வெளிநாட்டவருக்குப் போவதாக 2018-இல் சர்ச்சை வெடித்தது.

2023-இல் ஒன்றிய அரசு, இருப்பிடச் சான்று வேண்டாம், எந்த மாநிலத்திலும் பதியலாம் என்றது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் விமானம் ஏறி வந்து, வாடகைக்கு வீடெடுத்துக் காத்திருக்க யாரால் முடியும்? கூலித் தொழிலாளியால் முடியாது.

மண்ணின் மைந்தர் வாதம் பேசவில்லை தோழர்களே. கொடுப்பவர்களுக்குப் பெறும் வாய்ப்பும் வேண்டும் என்கிறோம். மாநில முன்னுரிமை நீடிக்க வேண்டும். அது ஏழைக்கும் பயன்பட, மாவட்ட அரசு மருத்துவமனைகளிலும் மாற்று அறுவை சிகிச்சை வர வேண்டும்.

உறுப்புக் கொடைக்குப் பதிவு செய்யுங்கள். வீட்டிலும் சொல்லி வையுங்கள். கடைசியில் சம்மதம் தர வேண்டியவர்கள் அவர்கள்தான். கூடவே, இந்தக் கோரிக்கையையும் உரக்கப் பேசுங்கள்.