இரவல் ஸ்டாக்... முள் கீழே இறங்கினால் உஷார்!

1971-ல் வந்த ‘டயமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர்’ படத்தில், வைரக் கடத்தல்காரன் ஒருவனின் பெயரில் ஜேம்ஸ் பாண்ட் ஆம்ஸ்டர்டாமுக்குக் கிளம்புவார். ஷான் கானரி ஓட்டிப்போகும் அந்த மஞ்சள் நிற ட்ரையம்ப் ஸ்டாக்கும் கடத்தல்காரனுடையதுதான். வழியில் இன்ஜின் கொதிக்கவில்லை. பாண்ட் ஆயிற்றே!

1970 முதல் 1977 வரை இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் தயாரான கார் இது. வடிவம் தந்தவர் இத்தாலியின் மிக்கெலோட்டி. அழகான உடம்பு, 3 லிட்டர் வி-8 இன்ஜின், கேட்டவர் திரும்பிப் பார்க்கும் உறுமல். கூடவே, சட்டென்று சூடேறும் வியாதி.

இன்ஜினின் அடிப்பாகம் வார்ப்பிரும்பு, மேலே உள்ள ஹெட் அலுமினியம். சூட்டில் இரண்டும் ஒரே அளவில் விரிவதில்லை. வார்ப்பின்போது உள்ளே தங்கிய மணலும் துருவும் தண்ணீர் போகும் பாதையை அடைத்துக்கொள்ளும். போதாக்குறைக்கு, வாட்டர் பம்ப்பை உயரத்தில் வைத்துவிட்டார்கள். தண்ணீர் கொஞ்சம் குறைந்தாலே பம்ப் வெறுமனே சுற்றும். ஹெட் வளைந்துவிடும், செலவு பயங்கரம். வெறுத்துப்போன சிலர் ரோவர் இன்ஜினையே தூக்கி மாட்டிக்கொண்டார்கள்.

இந்தக் குறை சரிசெய்யப்படாத ஸ்டாக்கை நண்பரிடம் ஒரு வாரத்துக்கு வாங்கி ஓட்டுபவர், தினமும் காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே தண்ணீர் அளவைப் பார்த்துவிட வேண்டும். வெறும் தண்ணீர் ஊற்றினால் துரு கூடும். கூலன்ட் கலந்ததுதான் சரி. ஸ்டார்ட் செய்ததும் முன்பக்கம் சலசலவென்று சத்தம் நீடித்தால், டைமிங் செயின் தளர்ந்திருக்கலாம். அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். மெக்கானிக் பார்க்காமல் வண்டியை நகர்த்தக் கூடாது.

பலர் ஏமாறுவது டெம்பரேச்சர் முள்ளிடம். மேலே ஏறினால் எல்லோரும் பதறுவார்கள். ஏறிய முள் திடீரென்று விழுந்தால், ‘அப்பாடா’ என்று மிதிப்பார்கள். சென்சாரைச் சுற்றித் தண்ணீரே இல்லாவிட்டாலும் முள் கீழே இறங்கும்! அப்போது உடனே ஓரம்கட்டி இன்ஜினை அணைப்பதுதான் வழி.

நெரிசலில் முள் மெல்ல ஏறத் தொடங்கினால், ஹீட்டரை முழுதாகத் திறந்துவிடலாம். இன்ஜின் சூட்டில் ஒரு பங்கு காருக்குள் வந்துவிடும். கோடையில் வியர்த்துக் கொட்டும், ஆனால் அடுத்துக் கிடைக்கும் இடத்தில் ஓரம்கட்டும்வரை இன்ஜின் தாங்கும். அதன்பின் ரேடியேட்டர் மூடியில் கை வைக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் அடிக்கும். நன்றாக ஆறும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது, ஒரு வாரத்தில் எவ்வளவு தண்ணீர் ஊற்றியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எங்கோ ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க நண்பருக்கு அதுதான் துப்பு.