சுராங்கனியும் வாவிக்கரை வயலினும்

தமிழ்ப் பொப்பிசை என்றதும் முகஞ்சுழிப்போர் எம்மிடையே இன்றும் உளர். அது மேல்நாட்டு றொக் இசையின் மூன்றாந்தர நகல் என்பர். நீள்முடியும் கிற்றாரும் போதையும் கூடிப் பெற்ற பிள்ளை என்பர். தமிழ்ப் பண்பாட்டோடு ஒட்டாத அந்நிய ஒலி என்பர். ஏ. ஈ. மனோகரன் பாடிப் புகழ்பெற்ற ‘சுராங்கனி’யே இக்குற்றச்சாட்டிற்கு வழமையாகக் காட்டப்படும் சான்று. இக்கருத்து வரலாற்றுக்கு முரணானது. அதுமட்டுமன்று, மட்டக்களப்பு வாவிக்கரையில் எம்மோடு வாழும் ஒரு மக்கட் கூட்டத்தின் கலையை நாம் காணாதிருப்பதற்கும் அதுவே துணைபோகின்றது. இதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில், ‘அந்நியம்’ என்னும் அளவுகோலை நோக்குவோம். 1966ஆம் ஆண்டு பீற்றில்ஸ் குழுவினர் ‘ருமாறோ நெவர் நோஸ்’ என்னும் பாடலை ஒலிப்பதிவு செய்தனர். போதையின் மயக்கநிலையை இசையால் உணர்த்த முற்பட்ட சைக்கடெலிக் றொக் இசையின் தொடக்கப் பாடல்களுள் ஒன்றாக அதனைக் கூறுவர். அப்பாடலின் அடியில் இடையறாது ஒலிப்பது எமது தம்புராவின் சுருதி. இதனை எம்மவர் மேடைதோறும் பெருமையுடன் எடுத்துரைக்கின்றனர். தம்புரா இலண்டனுக்குச் சென்றால் அது பண்பாட்டின் வெற்றி. கிற்றார் கொழும்புக்கு வந்தால் அது பண்பாட்டின் சீரழிவு! ஒரே செயலுக்கு இரு நீதி கூறும் இத்தராசை அறிவுலகம் எங்ஙனம் ஏற்கும்?

இனி, ‘சுராங்கனி’யின் வேரைத் தேடுவோம். அப்பாடல் பைலா என்னும் இசைவகையைச் சார்ந்தது. பைலாவோ மேல்நாட்டு றொக் இசையிலிருந்து பிறந்ததன்று. போர்த்துக்கேயர் காலந்தொட்டு இத்தீவில் வேரூன்றிய கபரிஞ்ஞா என்னும் ஆடலிசையே அதன் தாய். போர்த்துக்கேயரும் அவர்களுக்குப் பின்வந்தோரும் இங்கு கொணர்ந்த ஆபிரிக்க மக்களைக் குறித்த ‘காப்பிரி’ என்னும் சொல்லிலிருந்தே அப்பெயர் பிறந்தது. கபரிஞ்ஞாவின் ஆறெண்ணிக்கைத் துள்ளல் தாளத்தில் சிங்களச் சொற்களை அமைத்து, 1940களில் மேடைப் பைலாவுக்கு வழிவகுத்தவர் பொலிஸ் சேவையிலிருந்த வொலி பஸ்தியன் (1914–1985). அவ்வழியில் வந்த சிங்களப் பாடலையே மனோகரன் தமிழ்ச் செவிகளுக்கு எடுத்துச் சென்றார்.

அதன் செல்வாக்கோ பாக்குநீரிணையையும் கடந்தது. 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ திரைப்படத்தில் இளையராஜாவின் இசையமைப்பில் அது இடம்பெற்றது. சினிமாப் பாட்டைத் தமிழகத்திலிருந்து பெற்றே பழகிய ஈழம், ஒரு பாட்டைத் தமிழகத்திற்கு வழங்கியது சிறிய செய்தியா? 2018இல் சென்னையில் மனோகரன் மறைந்தபோதும் அவரைப் பலர் நினைவுகூர்ந்தது அப்பாட்டினாலேயே.

‘சுராங்கனி’ மட்டக்களப்பிற் பிறந்தது என்று யாம் கூறவில்லை. அதன் மூதாதையான கபரிஞ்ஞா, தன் போர்த்துக்கேயச் சொற்களோடு இன்றும் உயிர்வாழும் இடங்களுள் தலையாயது மட்டக்களப்பு என்பதே எம் கூற்று. புளியந்தீவில் 1628இல் போர்த்துக்கேயர் எழுப்பிய கோட்டை 1638இல் ஒல்லாந்தர் வசமாயிற்று. பத்தே ஆண்டுகள் நிலைத்த அவ்வாட்சி விட்டுச்சென்ற மொழியோ மூன்றரை நூற்றாண்டுகளைத் தாண்டி நின்றது. அதைக் காத்தவர்கள் ஆட்சியாளர் அல்லர். தச்சரும் கொல்லரும் தையற்காரருமான பறங்கியர். எமது கதவுகளையும் கட்டில்களையும் செய்த கைகளே அவர்தம் கலியாண வீடுகளில் வயலின் மீட்டின.

இக்கலையை ஆராய்ந்தோர் யாவர்? அமெரிக்கரான கெனத் டேவிட் ஜாக்சன் இம்மக்களின் வாய்மொழிப் பாடல்களை ஆராய்ந்து 1990இல் ஆங்கில நூலொன்றை வெளியிட்டார். ‘நாணாது பாடுக’ என்பது அதன் தலைப்பின் பொருள். பின்னர் லிஸ்பன் பல்கலைக்கழகத்து ஹியூகோ கார்டோசோவும் குழுவினரும் வந்து இம்மொழியைப் பதிவுசெய்தனர். கடல்கடந்து அவர்கள் வந்தனர். கல்லடிப் பாலத்தைக் கடந்து செல்ல எமக்குக் கால் எழவில்லை! நாண வேண்டியவர் பாடுவோர் அல்லர், கேளாதிருந்த நாமே.

பொப்பிசைப் பாடல்களின் சொல் மெலிந்தது, அதில் ஆழமில்லை என்று ஒரு மறுப்பு எழலாம். பல பாடல்களைப் பொறுத்தவரை அது உண்மையே. ஆயின் சொல்லின் மெலிவு வேறு, இசையின் பிறப்பு வேறு. ஒன்றைக் காட்டி மற்றதை மறுப்பது தருக்கமாகாது. கூத்தையும் ஒருகாலத்தில் கற்றோர் பாமரர் ஆட்டமென ஒதுக்கினர். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் பேராதனை மேடைக்குக் கொணர்ந்த பின்னரே அவர்களின் கண் திறந்தது. காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகளோ, வாவியின் அடியிலிருந்து நிலவிரவில் எழும் நுண்ணொலியையும் இசையெனக் கேட்டவர். அதனை நீரரமகளிரின் பாடலாக்கி, 1947இல் வெளிவந்த ‘யாழ் நூல்’ என்னும் ஆராய்ச்சிப் பெருநூலிலும் இடமளித்தவர். நீருக்கடியில் எழும் ஒலிக்குச் செவிகொடுத்த அம்மரபின் வாரிசுகள் எனத் தம்மைக் கூறிக்கொள்வோர், கரையில் ஒலிக்கும் வயலினுக்குச் செவியடைத்தல் தகுமோ?

காலம் காத்திராது. போரும் புலப்பெயர்வும் இச்சமூகத்தைச் சிதைத்தன. 2004 டிசம்பர் 26ஆம் நாளின் ஆழிப்பேரலை டச்பார்ப் பகுதிப் பறங்கியர் குடும்பங்கள் பலவற்றை வாரிச்சென்றது. எஞ்சியோரின் பிள்ளைகள் இன்று வீட்டிலும் வீதியிலும் பேசுவது பெரும்பாலும் தமிழையே. ஆதலின், அந்தப் பழைய மொழி எம்மொழிக்கு இடம்விட்டே மறைகின்றது. பேரினவாதத்தின் கீழ் மொழி நசுக்கப்படும் வேதனையை அறிந்த நாம், எம் நிழலில் ஒரு சிறுமொழி கரைவதைப் பாராமுகமாய் விடின், உரிமை பேசும் எம் வாய்க்கு வலிமை ஏது?

எனவே, எமது பல்கலைக்கழகங்களும் தமிழ்ச் சங்கங்களும் ஆற்ற வேண்டிய பணி தெளிவானது. கல்லடியில் அடிகளார் பெயரால் விளங்கும் அழகியற் கற்கைகள் நிறுவகத்தின் மேடையில் வடமோடிக்கும் தென்மோடிக்கும் அருகே கபரிஞ்ஞாவும் நிற்கட்டும். முதிய வயலின் கலைஞரிடம் மாணவர் நேரிற் சென்று பயிலட்டும். அப்பாடல்கள் மூலமொழியிலும் தமிழ்ப் பொருளோடும் ஏடேறட்டும். ‘சுராங்கனி’யை இகழ்வோர் அதன் பின்னர் இகழட்டும், அதன் தாயைக் கேளாது இகழும் உரிமை எவருக்கும் இல்லை.