வண்டியோடு லாக் புக்கையும் ஏலத்தில் கொடுங்கள்

"போலீஸ் வண்டிங்க, நல்லா பாத்து வெச்சிருப்பாங்க" என்று சொல்லிக்கொண்டுதான் பட்டறைக்கு வருகிறார்கள். சிதம்பரத்தில் டீசல் வண்டி வேலை பார்க்கிறவன் நான். காவல் துறையில் ஓடிக் கழிந்த பொலிரோ, சுமோ, பழைய மகேந்திரா ஜீப் எல்லாம் ஏலத்தில் ஒரு கை, புரோக்கரிடம் ஒரு கை மாறி, புதுப் பெயின்ட்டோடு என் வாசலில் வந்து நிற்கும். கிள்ளைப் பக்கம் இறால் பண்ணைக்குத் தீவனம் ஏற்றவும், காட்டுமன்னார்கோயில் பக்கம் வயலுக்குப் போய்வரவும் இந்த வண்டிகளைத் தேடி வாங்குகிறார்கள். உழைக்கிற வண்டிதான், சந்தேகமில்லை. ஆனால் இதுவரை எப்படி உழைத்தது என்பதை மீட்டர் சொல்லாது. அதைச் சொல்லக்கூடியது லாக் புக். என்னிடம் வந்த எந்த வண்டியோடும் அது கூட வந்ததில்லை.

மீட்டரில் ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் என்றால் பொலிரோவின் 2523 சிசி இன்ஜினுக்கு அது பெரிய ஓட்டமே கிடையாது. டாக்சியாக ஓடியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். காவல் வண்டியின் கதை வேறு. அது ஓடிய நேரத்தைவிட நின்ற இடத்தில் இன்ஜின் ஓடிய நேரம் அதிகம். ஆனித் திருமஞ்சனத்துக்கும் ஆருத்ரா தரிசனத்துக்கும் எங்கள் ஊரில் தேர் ஓடும்போது பாருங்கள். கீழ வீதியிலிருந்து தேர் நகர நகர, பந்தோபஸ்து வண்டி முதல் கியரில் பாதி கிளட்சை மிதித்தபடி அங்குலம் அங்குலமாக ஊரும். அந்த நாளில் மீட்டரில் ஏறுவது சில கிலோமீட்டர்தான். கிளட்ச் பிளேட்டில் தேய்வது ஒரு மாதத்து ஓட்டம்.

அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் போலீசுக்கென்றே செய்யும் வண்டிகளில், இன்ஜின் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது, அதில் நின்றபடி ஓடியது எவ்வளவு என்று காட்டத் தனி மீட்டரே உண்டு. நின்றபடி ஒரு மணி நேரம் ஓடினால் 33 மைல், அதாவது சுமார் 53 கிலோமீட்டர் ஓடிய தேய்மானம் என்பது அவர்கள் கணக்கு. நம் டீசல் வண்டிக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. இருந்தாலும் போட்டுப் பார்ப்போமே. நாளைக்கு மூன்று மணி நேரம் நின்று ஓடிய வண்டி, வருடத்துக்கு 58,000 கிலோமீட்டர் மீட்டரில் ஏறாமலே ஓடியிருக்கிறது.

நின்றபடி ஓடுவதில் அப்படி என்ன கெடுதல் என்று கேட்கலாம். ஆக்சிலரேட்டரை மிதிக்காத டீசல் இன்ஜினுக்குள் சூடு போதாது. எரியாத டீசல் லைனர் சுவரில் வழிந்து ஆயில் படலத்தைக் கழுவும், ரிங்கில் கரி ஏறும், லைனர் கண்ணாடியாக வழவழக்கும். அதன் பிறகு கம்ப்ரஷன் கீழே இறங்க ஆரம்பிக்கும். இதைக் கண்டுபிடிக்க ஸ்கேனர் வேண்டாம். இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, திருகாமல் அந்த வாயின் மேலேயே கவிழ்த்து வையுங்கள். மூடி லேசாக ஆடினால் பரவாயில்லை. குதித்துக் கீழே விழுந்து, குப்குப்பென்று புகை தள்ளினால் பேக் கம்ப்ரஷன். இன்ஜினை இறக்கி வேலை பார்க்கவேண்டிய செலவை அப்போதே விலையில் கழித்துவிடுங்கள்.

அதற்கும் முன்னால் ஒன்று. விற்பவர் சாவியைப் போடும் முன் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்குள் ஒருமுறை ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார் என்று அர்த்தம். ஆறிய வண்டி முதல் செல்ஃபில் எப்படிக் கிளம்புகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நீலப் புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது. கறுப்பாக வந்தால் நாசில், ஏர் ஃபில்டர் பக்கம் பார்க்கலாம், அது சின்னச் செலவு. வண்டி சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை விடாமல் வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்படுங்கள். கிளட்சுக்கு ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மூன்றாவது கியரைப் போட்டு, மெல்லக் காலை எடுங்கள். இன்ஜின் திணறி நிற்கவேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் பிளேட் போய்விட்டது.

புது மாடல்களில் நோய் வேறு மாதிரி. காமன் ரெயில் வண்டியில் இஜிஆர் வால்வு கரியால் அடைத்துக்கொள்ளும். பிஎஸ்-6 டீசலில் டிபிஎஃப் என்ற புகை வடிகட்டி, வண்டி நல்ல வேகத்தில் ஓடிச் சூடேறினால்தான் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். சோதனைச்சாவடியில் நின்று உறுமிக்கொண்டே இருந்த வண்டிக்கு அந்த வாய்ப்பு எங்கே கிடைத்திருக்கும்?

காவல் வண்டிக்கென்றே தனியாக உள்ள தலைவலி கரண்ட் வேலை. சுழல் விளக்கு, சைரன், மைக், வயர்லெஸ் செட் இவ்வளவுக்கும் வயர் இழுத்திருப்பார்கள். கழிவு செய்யும்போது சாமானைக் கழற்றுவார்கள், வயரை வெட்டி அப்படியே விட்டுவிடுவார்கள். கூரையில் போல்ட் போட்ட ஓட்டைகளை யாரோ எம்-சீல் வைத்து அடைத்திருப்பார்கள். ஐப்பசி மழையில் அது பிளந்து, தண்ணீர் உள்ளே இறங்கி டேஷ்போர்டு வயரில் பச்சை பூக்கும். "ராத்திரி நிறுத்தினா காலையில பேட்டரி டவுனுண்ணே" என்று வருகிறவர்கள் பேட்டரி மாற்றியே காசைக் கரைத்திருப்பார்கள். எல்லாவற்றையும் ஆஃப் செய்துவிட்டு, நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, அதற்கும் பேட்டரிக்கும் நடுவே ஒரு டெஸ்ட் பல்பைக் கோத்துப் பாருங்கள். நன்றாக எரிந்தால் எங்கோ கரண்ட் கசிகிறது. ஃபியூசை ஒவ்வொன்றாகப் பிடுங்கினால், எதைப் பிடுங்கும்போது பல்பு அணைகிறதோ அந்த லைனில் ஆள் அகப்பட்டுவிடுவார். எந்த ஃபியூசுக்கும் அணையவில்லையென்றால் பேட்டரியிலிருந்து நேராக இழுத்த சைரன் வயரைத் தேடுங்கள்.

கடலூர் வண்டி என்றால் நான் படுத்துக்கொண்டு அடியில் பார்ப்பேன். தேவனாம்பட்டினம், முதுநகர் உப்புக் காற்றில் நின்ற சேசிஸ் மேலே பளபளக்கும். ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் செதில் செதிலாகக் கொட்டும். வெள்ளம் இன்னொன்று. 2015 மழையிலும், 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் தென்பெண்ணை கரைபுரண்டபோதும் தண்ணீருக்குள் போன வண்டிகளில் முதல் வரிசை காவல் துறையுடையது. அது அவர்கள் கடமை, யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் பின் டிஃபரன்ஷியல் ஆயில் போல்ட்டைத் திறந்தால் வெளிறிய பால் நிறத்தில் ஒழுகும்போது, அந்தக் கடமைக்கான பில் வாங்கியவர் தலையில் விழுகிறது.

கிள்ளையிலிருந்து வந்த ஒரு தம்பி, "அண்ணே, டயரெல்லாம் புதுசுண்ணே, சீட் கவரும் புதுசு" என்றார். "அதாம்ப்பா பயமா இருக்கு" என்றேன். வண்டிக்குப் பின்னால் பத்தடி தள்ளி நின்று பார்க்கச் சொன்னேன். இடது பக்கம் பட்டை தணிந்து வண்டி சாய்ந்திருந்தது. முன்னும் பின்னும் கியர் மாற்றும்போது யூ ஜாயின்ட் 'டக் டக்' என்றது. வாங்கவேண்டாம் என்று சொல்லவில்லை, விலையைக் குறைத்துக் கேட்கச் சொன்னேன்.

இன்னொரு குழப்பமும் உண்டு. புதுச்சேரி பக்கத்திலேயே இருப்பதால் கடலூர் மாவட்டத்தில் மதுவிலக்கு வழக்கில் பிடிபட்ட வண்டிகளும் ஏலத்துக்கு வரும். இரண்டையும் 'போலீஸ் ஏல வண்டி' என்றே சொல்கிறார்கள். பிடிபட்ட வண்டி ஓடித் தேய்ந்ததல்ல, வெயிலிலும் மழையிலும் நின்று கெட்டது. எலி கடித்த வயர், இறுகிய பிரேக், வெடித்த டயர். அதற்குப் பார்க்கவேண்டிய இடங்களே வேறு.

இந்த வித்தையெல்லாம் தெரிந்தவனுக்குத்தான் ஏலம் லாபம். ஏல மைதானத்தில் வண்டியைச் சுற்றி வந்து பார்ப்பதோடு சரி, ஓட்டிப் பார்க்க வழியில்லை. அதனால் பழகிய வியாபாரிகள் எல்லா நோயும் இருக்கும் என்று வைத்துக்கொண்டு அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார்கள். அரசுக்கும் நஷ்டம், அதே வண்டியைக் கூடுதல் விலைக்குப் பிறகு வாங்கும் விவசாயிக்கும் நஷ்டம். லாக் புக்கைக் கொடுத்தால் யாரை எங்கே ஏற்றிப் போனார்கள் என்ற ரகசியம் வெளியே வந்துவிடும் என்பார்கள். பயணப் பக்கங்கள் நமக்கு வேண்டாம். இன்ஜின் எப்போது பிரித்தார்கள், கிளட்ச் எத்தனை முறை மாற்றினார்கள், விபத்து உண்டா, வெள்ளத்தில் நின்றதா, குடித்த டீசல் எவ்வளவு, இந்த ஐந்தும் போதும். டீசலையும் கிலோமீட்டரையும் வகுத்துப் பார்த்தாலே நின்றபடி ஓடிய நேரம் ஓரளவு பிடிபட்டுவிடும். மோட்டார் வாகனப் பிரிவில் ஒருவர் உட்கார்ந்து எழுதினால் வண்டிக்கு அரைமணி நேர வேலை.

டிஜிபி அலுவலகம் ஒரு சுற்றறிக்கை போட்டால் போதும். ஏல அறிவிப்பிலேயே வண்டி எண்ணுக்குப் பக்கத்தில் அந்த ஒரு பக்கத்தையும், முதல் பதிவுத் தேதியையும் சேர்க்கச் சொல்லலாம். தேதி ஏன் என்றால், 2023 ஏப்ரல் 1 முதல் 15 வருடம் கடந்த அரசு வண்டிகளின் பதிவைப் புதுப்பிக்க முடியாது, அவை உடைக்கத்தான் போகவேண்டும். அது தெரியாமல் புரோக்கரிடம் பணம் கொடுத்துவிட்டு ஆர்டிஓ அலுவலக வாசலில் நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சுற்றறிக்கை வரும்வரை, ஆர்சியில் தேதியைப் பார்க்காமலும், ஏலத்தில் எடுத்த வண்டியைப் பெயர் மாற்றும் படிவம் 32-க்கும் வரிக்கும் என்னென்ன வேண்டும் என்று ஆர்டிஓ அலுவலகத்தில் முன்கூட்டிக் கேட்காமலும் முன்பணம் கட்டாதீர்கள்.