கட்டுச்சோறு எத்தனை நாளைக்கு?



வழியில் உண்பதற்கென எடுத்துச் செல்லும் உணவைப் பண்டைத் தமிழர் ஆற்றுணா என்றனர். ஆறு என்பதற்கு வழி என்பது பொருள். நம் பாட்டிமார் அதனைக் கட்டுச்சோறு என்றனர். புளிச்சோற்றை இலையில் கட்டாமல் அவர்கள் வெளியூர் புறப்பட்டதில்லை. இன்றோ, வழிநெடுகக் கடைகள் இருக்கின்றன என்ற துணிவில் வெறுங்கையராய் வண்டி ஏறுகிறோம். அத்துணிவு எனக்கும் இருந்தது. ஒரு மே மாத நண்பகல் அதனைப் போக்கியது.

சில ஆண்டுகளுக்கு முன் பங்கு மக்கள் பன்னிருவரோடு வேளாங்கண்ணிக்கு வேனில் சென்றுகொண்டிருந்தேன். புதுக்கோட்டையைக் கடந்தபின், நிழலற்ற ஓரிடத்தில் வண்டி நின்றுவிட்டது. பழுது பார்ப்பவர் வந்து சேர மூன்று மணி நேரமாயிற்று. கொண்டுவந்த தண்ணீர் அதற்குள் தீர்ந்தது. இருக்கையின் கீழே கேன் ஒன்று கிடந்தது. சிறுவன் ஒருவன் அதனைத் திறந்து வாயருகே கொண்டுபோனான். ஓட்டுநர் பாய்ந்து பறித்தார். அது ரேடியேட்டருக்கு ஊற்றும் கூலண்ட் கலந்த நீர். சுவையில் இனிக்கும், ஆனால் சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு.

அவ்வேளையில் சர்க்கரை நோயுள்ள முதியவர் ஒருவருக்கு உடல் வியர்த்துக் கை நடுங்கத் தொடங்கியது. காலையில் மருந்து எடுத்துக்கொண்டவர் நண்பகல் உணவு உண்ணவில்லை. எங்களில் எவரிடமும் ஒரு துண்டு வெல்லம்கூட இல்லை. அவ்வழியே வந்த லாரிக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தித் தம் பெட்டியைத் திறந்தார். அரிசி, பருப்பு, ஸ்டவ், கேன் நிறையத் தண்ணீர், ஒரு பொட்டலம் சர்க்கரை எல்லாம் அதில் இருந்தன. மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தோம். கால்மணி நேரத்தில் நடுக்கம் தணிந்தது. நினைவிழந்திருந்தால் அதனையும் வாயில் ஊற்றியிருக்கலாகாது. நன்றி கூறியபோது லாரிக்காரர் சொன்னார்: "வண்டி எங்க நிக்கும்னு யாருக்குச் சாமி தெரியும்? பெட்டி நிறைஞ்சாத்தான் நான் சாவியைத் தொடுவேன்."

மூன்று மணி நேரமே எங்களுக்குப் பெரிதாயிற்று. 2023 டிசம்பர் 17 இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் விரைவு இரயில், பெருமழையால் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனதை நாம் அறிவோம். தண்டவாளத்தின் அடியிலிருந்த மண்ணையும் சல்லியையும் வெள்ளம் அரித்துச் சென்றிருந்தது. ஏறத்தாழ 800 பயணிகள் அகப்பட்டார்கள். எஞ்சியிருந்தோர் மீட்கப்பட்டது 19ஆம் நாள்தான். அதுவரை அருகிலிருந்த ஊர்மக்கள் தங்களிடமிருந்த அரிசியைச் சமைத்து உணவளித்தார்கள். இரயிலுக்கு நேர்ந்தது சாலையில் செல்லும் வண்டிக்கும் நேரும்.

ஆகவே உங்கள் வண்டியில் ஒரு பெட்டி வையுங்கள். இடர்க்காலத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்பர். அதில் பாதி குடிப்பதற்கு. எனவே ஐவர் செல்லும் காரில் 10 லிட்டர் குடிநீராவது இருத்தல் நன்று. கோடையில் இன்னும் கூடுதலாக வேண்டும். ஒரே கேனாக அன்றிச் சிறு புட்டிகளாக வைத்தால், ஒன்று ஒழுகினாலும் மற்றவை மிஞ்சும். வெயில் படாமல் இருக்கைக்குப் பின்னே துணியால் மூடி வையுங்கள். கூலண்டையும் பெட்ரோலையும் குடிநீர்ப் புட்டியில் ஒருபோதும் ஊற்றாதீர்கள். அவற்றின் கேனுக்குச் சிவப்பு வண்ணம் பூசி, வேறிடத்தில் வையுங்கள்.

உணவு சமைக்க வேண்டாததாக இருக்கட்டும். அவல், பொரிகடலை, கடலைமிட்டாய், பேரீச்சம்பழம், ரஸ்க் ஆகியவை ஏற்றவை. முறுக்கும் சிப்ஸும் உப்பு மிகுந்தவை, தாகத்தை வளர்க்கும். எறும்பு புகாத இறுக்கமான மூடியுள்ள டப்பா வேண்டும். அதனுள் சர்க்கரைப் பொட்டலம், ஒரு லிட்டர் நீருக்கு ஒன்றென ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள், ஒரு கரண்டி, ஒரு டார்ச் விளக்கு ஆகியவற்றை வையுங்கள். இன்சுலினை மட்டும் வெயிலில் காயும் வண்டியில் விட்டுவைக்காதீர்கள். பயணத்தின்போது கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குத் தாய்ப்பாலே போதும். அந்தத் தாய்க்குத்தான் தண்ணீர் கூடுதலாக வேண்டும்.

இதுவரை சொன்னவை எளியவை. அரியது இனித்தான் உள்ளது. வேளாங்கண்ணியிலிருந்து திரும்பிய வாரமே எங்கள் வேனில் ஒரு பெட்டி வைத்தோம். ஏழெட்டு மாதங்கள் கழித்துத் திறந்தபோது கடலைமிட்டாய் சிக்கு வாடை வீசியது. தண்ணீரில் பிளாஸ்டிக் நாற்றம். பெட்டி இருக்கிறது என்ற எண்ணமே எங்களை ஏமாற்றியிருந்தது. அன்றுமுதல் ஒவ்வொரு மாதத்தின் முதல் சனிக்கிழமையும் பெட்டியைத் திறக்கிறோம். உள்ளிருப்பதைப் பிள்ளைகள் உண்டு தீர்க்கிறார்கள், புதிது நிரப்புகிறோம். எதுவும் வீணாவதில்லை. உங்கள் வீட்டிலும் இப்பொறுப்பை ஒரு பிள்ளையிடம் ஒப்படையுங்கள். எல்லோருக்கும் உரிய வேலை எவருக்கும் உரியதன்று.

கட்டுச்சோறு எத்தனை நாளைக்கு என்பது பழமொழி. மாதந்தோறும் மாற்றுபவருக்கு அது வண்டி ஓடும் நாள்மட்டும் வரும். நிரப்பும்போது ஒரு புட்டித் தண்ணீரும் ஒரு பொட்டலமும் கூடுதலாக வையுங்கள். அந்த லாரிக்காரரின் பெயரை நாங்கள் கேட்க மறந்தோம். அவருக்குப் பட்ட கடனை, வழியில் நிற்கும் வேறெவருக்கேனும் தீர்க்க அது உதவும்.

அன்புடன்,
உங்கள் பங்குத்தந்தை