பகைக்கு நடுவே சமதர்மம்

சுற்றிலும் பகை சூழ்ந்திருக்கையில் சமதர்மம் பிழைக்குமா? இந்தக் கேள்வி மாஸ்கோவுக்கும் ஹவானாவுக்கும் மட்டும் உரியதன்று. நமது அண்டை மாநிலமும் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறது.

1957 ஏப்ரல் 5 அன்று கம்யூனிஸ்டுத் தலைவர் இ.எம்.எஸ். நம்பூதிரிபாடு கேரள முதல்வரானார். சில நாட்களிலேயே குத்தகை விவசாயிகளை நிலத்திலிருந்து வெளியேற்றத் தடை வந்தது. நிலச் சீர்திருத்த மசோதாவும் தனியார் பள்ளிகளை ஒழுங்குபடுத்தும் மசோதாவும் தொடர்ந்தன. நில உடைமையாளர்களும் சாதி, சமய அமைப்புகளும் காங்கிரசும் இந்த ஆட்சிக்கு எதிராக 'விமோசன சமரம்' (விடுதலைப் போராட்டம்) நடத்தினார்கள். கேரளத்தில் கம்யூனிஸ்டுகளை எதிர்க்க அமெரிக்க உளவுத்துறைப் பணம் வந்ததாக, இந்தியாவில் அமெரிக்கத் தூதராக இருந்த மொய்னிஹான் பின்னாளில் எழுதினார். 1959 ஜூலை 31 அன்று அரசியலமைப்பின் 356ஆவது பிரிவின்படி ஆட்சி கலைக்கப்பட்டது.

பகை வென்றது போலவே தோன்றியது. ஆனால் 1960 தேர்தலில் கம்யூனிஸ்டுகளுக்கு இடங்கள் குறைந்தாலும் வாக்கு விகிதம் கூடியது. 1967இல் இ.எம்.எஸ். மீண்டும் முதல்வரானார். 1970 ஜனவரி 1 முதல் கேரளத்தில் குத்தகை முறையே ஒழிந்தது. தன் உரிமையை ஒருமுறை அறிந்துகொண்ட குத்தகைக்காரர் அதை விட்டுக்கொடுக்கவில்லை.

சோவியத் நாட்டின் கதை இதற்கு நேர்மாறு. 1918 முதல் அந்நியப் படைகளின் தாக்குதலைத் தாங்கியது, ஹிட்லரையும் வென்றது. 1991இல் அது கலைந்தபோது எந்தப் படையும் எல்லை தாண்டவில்லை. ஆட்சியாளர்களிடம் கணக்குக் கேட்கும் உரிமையை மக்கள் எப்போதோ இழந்திருந்தார்கள். பகை கொல்லவும் செய்யும். 1973இல் சிலியில் அயெந்தேயின் சமதர்ம அரசு ராணுவத்தால் வீழ்த்தப்பட்டது. ஆனால் பகையைக் காரணம் காட்டி உள்நாட்டு மக்களின் வாயை அடைப்பதை மட்டும் ஏற்க முடியாது.

உத்திரமேரூரில் இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறித்த கல்வெட்டுகள் இங்கே உள்ளன. ஊர்ச் சபையின் வாரியத்தில் பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் குடவோலைத் தேர்வுக்குத் தகுதியற்றவர்கள் என்கின்றன அவை. அதே கல்வெட்டுகள் நிலமும் வேதக் கல்வியும் உள்ளவர்களுக்கே இடம் தந்தன. உழுதவருக்கு அந்தச் சபையில் இடமில்லை. கணக்குக் கேட்பதை அந்தச் சபையிடம் கற்போம். கேட்கும் உரிமையை உழுபவருக்கும் உரியதாக்குவோம்.

அந்த வேலை இந்த மண்ணிலேயே மிச்சமிருக்கிறது. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் ஒடுக்கப்பட்டோருக்கென ஒதுக்கத் தொடங்கிய பஞ்சமி நிலங்களில் பல இன்று பிறர் கையில். அவற்றை மீட்கக் கோரிய போராட்டத்தில் 1994இல் காரணையில் இருவர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள்.

வெளிப்பகை ஓர் அரசைக் கவிழ்க்கலாம். மக்கள் தம் கையில் எடுத்துக்கொண்ட உரிமையைப் பறிப்பது கடினம். மே 1 அன்று கிராம சபை கூடுகிறது. உத்திரமேரூர் ஒன்றியத்து உழைப்பாளிகளே, தவறாமல் போங்கள். உங்கள் ஊர் ஏரிக்கும் பஞ்சமி நிலத்துக்கும் கணக்குக் கேளுங்கள்.