பூ வாடுவதற்குள்

இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்களின் பூச்சாடிப் படங்களை ‘அரைகுறை வேலை, சுவர் அலங்காரம், விற்பனைச் சரக்கு’ என்று ஒரே மூச்சில் தள்ளிவிடுகிறவர்கள் ஓவியம் பயில்வோரிடையேயும் இருக்கிறார்கள். மூன்றையும் நான் மறுக்கிறேன். மூன்றாவதில் மட்டும் கொஞ்சம் உண்மை உண்டு.

அரைகுறை என்ற குற்றச்சாட்டுத்தான் பெரியது. இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர் மோனே 1881இல் வரைந்த சூரியகாந்திக் கொத்து நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வெத்தேய் கிராமத்தில் அவர் தோட்டப் படிகளின் ஓரம் மண்டிக் கிடந்த பூக்கள் அவை. படத்தில் பல இதழ்கள் ஒரே தீற்றல்தான்: வண்ணத்தைத் தடிப்பாக எடுத்து, அழுத்தி, சுழித்து, விட்டுவிட்டார். எண்ணெய் வண்ணத்தில் கைவைத்தவர்களுக்கு இதன் கஷ்டம் தெரியும். ஈரம் காயாத வண்ணத்தின் மேல் தூரிகை மறுபடி பட்டால் மஞ்சளும் பச்சையும் குழம்பிச் சேறாகிவிடும். பிசகினால் கத்தியால் சுரண்ட வேண்டியதுதான். காயட்டும் என்று காத்திருந்தால் பூ வாடிவிடும். ஆகவே எந்த நிறம், எவ்வளவு, எந்தத் திசை என்பதெல்லாம் தூரிகை இறங்குமுன்பே முடிவாகியிருக்க வேண்டும். பல வருடப் பயிற்சி இல்லாமல் அந்த வேகம் வராது.

அலங்காரம் என்பது பழைய பிரெஞ்சு ஓவிய அகாதமியின் குரல். 17ஆம் நூற்றாண்டிலேயே அது வரலாற்று ஓவியத்தை உச்சியிலும், அசையாப் பொருள் ஓவியத்தை அடியிலும் வைத்துவிட்டது. இப்படிப் பேசுகிறவர்கள் மானேயின் கடைசிப் பூப்படங்களைப் பார்க்க வேண்டும். மானே இம்ப்ரெஷனிஸ்ட் குழுவின் கண்காட்சி எதிலும் பங்கேற்றதில்லை என்றாலும் அவர்களுக்கு மிக நெருங்கியவர். நோய் முற்றிய நிலையில், நண்பர்கள் கொண்டுவந்த பூக்களைக் கண்ணாடி ஜாடியில் வைத்துச் சிறிய கேன்வாஸ்களில் வரைந்தார். பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்திலுள்ள கார்னேஷன் படத்தில் பூவைவிட ஜாடிதான் என்னை இழுக்கிறது. நீருக்குள் முறிந்ததுபோல் தெரியும் தண்டுகள், கண்ணாடியின் பட்டைகளில் மினுங்கும் வெளிச்சம், எல்லாமே சில பச்சை, சாம்பல், வெள்ளைத் தீற்றல்கள். மானே 1883 ஏப்ரல் 30இல் இறந்தார். ஆனால் இரக்கத்தால் நான் இந்தப் படத்தைப் பாராட்டவில்லை. ஒளி கண்ணாடியையும் நீரையும் கடந்து வருவதை இவ்வளவு சிக்கனமாகக் காட்டியவர்கள் அரிது.

விற்பனை? மோனேவுக்குப் பணமுடை இருந்தது, பூப்படங்கள் விலைபோயின. ஆனால் அந்தச் சூரியகாந்தியை 1882இல் ஏழாவது இம்ப்ரெஷனிஸ்ட் கண்காட்சியில், தன் நிலக்காட்சிகளுக்குச் சமமாக அவர் வைத்தார்.

காலண்டர் அச்சில் வண்ணத்தின் தடிப்பு தெரியாது. அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். நல்ல பிரதி ஒன்றைப் பெரிதாக்கி, ஒரே ஓர் இதழைப் பாருங்கள். இன்னும் எந்தத் தீற்றலைச் சேர்த்திருக்க வேண்டும் என்று பிறகு சொல்லுங்கள்.